சின்னம்மா அடைத்த ஓட்டைகள்

சின்னம்மாவைப் பற்றி நல்லபடியாக நாலு பக்கம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனாவை எடுத்ததும் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. அவள் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. எனக்கு இன்னும் ஆறவில்லை.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. அம்மாவும் அப்பாவும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டதால் நான் அவளிடம்தான் வளர்ந்தேன். எதையும் மூடித்தான் வைப்பாள். குடத்துக்கும் குழம்புச் சட்டிக்கும் எல்லா வீட்டிலும்தான் தட்டுப் போட்டு மூடுகிறார்கள், அதைச் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்குப் புதுப்புடவை எடுத்தால் அதை முதலில் வாளியில் முக்கி, நாலு தடவை அலசி, கசங்கலாகத்தான் கட்டுவாள். எனக்கு எடுத்த பாவாடைக்கும் அதே கதி. "புதுசுன்னு மொடமொடன்னு தெரியக்கூடாதுடி" என்பாள். கல்லூரி விடுதிக்குப் போகும்வரை ஒரு புதுத்துணியைப் புதுத்துணியாக நான் உடுத்தியதில்லை.

விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது எங்கள் நிறுத்தத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கிவிடுவாள். வளவனூர் போகிற சாலையில் எங்கள் நிறுத்தத்தில் இறங்கினால் இடது பக்கம் ஊர், வலது பக்கம் காலனி. நாங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று பஸ்ஸில் இருப்பவர்கள் பார்த்துவிடுவார்களாம். அதற்காக வேகாத வெயிலில், கரும்புத் தோட்டத்து வரப்பு வழியாக என்னை ஒரு மைல் நடக்கவைப்பாள். நான் கால் சுடுகிறது என்று அழுவேன். "ஜல்தியா நட, சுடாது" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள்.

பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தேன். ஒரு பை சாக்லேட் வாங்கிக்கொண்டு வந்தாள். தெருவுக்கெல்லாம் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, என்னை மட்டும் உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் பிரித்து ஊட்டிவிட்டாள். கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்தது. சத்தம் வரக் கூடாது என்று முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அன்றைக்கே எனக்கு அவள்மேல் எரிச்சலாக இருந்தது.

இந்த மூடல் எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துக் கிறிஸ்துமஸ். எனக்கு எட்டு வயது. எங்கள் குடிசைக்கு அரசாங்கம் கொடுத்த ஒற்றை பல்பு கரண்ட் வந்த வருஷம் அது. சித்தப்பாவும் சின்னம்மாவும் மூங்கில் சிம்பு சீவி, கலர் காகிதம் ஒட்டி, என் உயரத்துக்கு ஒரு நட்சத்திரம் செய்தார்கள். வீட்டுக்குள் இருந்த அந்த ஒரே பல்பைக் கழற்றி ஒயரை நீட்டி நட்சத்திரத்துக்குள் மாட்டி, நீளமான மூங்கிலில் கட்டிக் கூரைக்கு மேலே நிறுத்தினார் சித்தப்பா. உள்ளே நாங்கள் இருட்டில் உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்தோம். எதிர்வீட்டு மண்சுவரில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழுந்தது. அந்தப் புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு விளையாடினோம். சின்னம்மா அப்போது வாயை மூடாமல்தான் சிரிப்பாள்.

இரண்டாம் நாள் பொழுது சாயும்போது ஊரிலிருந்து நாலு பேர் வந்தார்கள். "எங்க தெரு வரிக்கும் தெரியுது. எவன்டா ஏத்துனவன்?" என்றான் ஒருவன். சித்தப்பா சுவிட்சை அணைக்கப் போனார். விடவில்லை. எரிகிறபடியே இறக்கச் சொன்னார்கள். இறக்கினார். எரிகிற பல்பைக் கையால் கழற்றச் சொன்னார்கள். அது இரண்டு நாளாக எரிந்த பல்பு. சித்தப்பா கழற்றினார். கழற்றிய பிறகும் கீழே போட விடவில்லை. அவர்கள் பேசி முடிக்கும்வரை உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். உள்ளங்கைத் தோல் வெந்து பல்போடு ஒட்டிக்கொண்டது. அந்தக் கையால் அதற்குப் பிறகு அவரால் கரும்பு வெட்டுக் கத்தியைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. குடிக்க மட்டும் அந்தக் கை போதுமானதாக இருந்தது. நான் பத்தாவது படிக்கும்போது இறந்தார்.

அந்த நாலு பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள். அதில் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வாசலில் கட்டிய சீரியல் பல்பு வளவனூர் வரைக்கும் தெரிந்தது.

நான் கல்லூரி முடித்த கையோடு சின்னம்மா ஊரைவிட்டுத் திண்டிவனத்துக்கு வந்துவிட்டாள். ஒரு நர்ஸிங் ஹோமில் ஆயா வேலை. ஒரு வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்தாள். வீடு பார்க்கும்போது வீட்டுக்கார அம்மா "நான்வெஜ் சாப்புடுவீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "அதெல்லாம் தொடறதில்லீங்க" என்று சொல்லியிருக்கிறாள். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி வாங்கினால் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, கதவிடுக்கில் ஈரத்துண்டை அடைத்துவிட்டு, கட்டு கட்டாக ஊதுவத்தி கொளுத்தி வைத்துத்தான் சமைப்பாள். கறி ஊதுவத்தி வாசனையடிக்கும். சேசுவின் படம் பீரோக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும். ஜெபம் செய்யவேண்டுமானால் பீரோவைத் திறக்கவேண்டும்.

புதுச்சேரிப் பக்கம் ஒரு பண்ணையில் சில வருஷம் வேலை பார்த்தேன். மண்ணில்லாமல் தண்ணீரிலேயே கீரை வளர்க்கிற பண்ணை. வேலை செய்தது நான், பத்திரிகைக்குப் படம் எடுக்கும்போது முன்னால் நின்றது வேறு யாரோ. பொறுக்க முடியாமல் விட்டுவிட்டு வந்தேன். சொந்தமாகச் செய்கிறேன் என்று சின்னம்மாவின் மாடி அறையில் ஒரு கூடாரம் போட்டேன். நாலடிக்கு நாலடி, ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கூட. வெளியே கறுப்புத் துணி, உள்ளே பளபளவென்று வெள்ளித் தாள். உச்சிக் கம்பியிலிருந்து தொங்கும் இரண்டு எல்.இ.டி. விளக்குப் பலகைகள். நான்கு தட்டு லெட்யூஸ் கீரை. வெள்ளைக்காரர்கள் பச்சையாகத் தின்கிற கீரை. புதுச்சேரியில் ஒரு ஓட்டல் சமையல்காரர், முதல் அறுப்பு நன்றாக இருந்தால் வாராவாரம் என்னிடமே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். எனக்கு முப்பது தாண்டிவிட்டது. இது சரிப்படாவிட்டால் கல்யாணம் செய்துகொண்டு போய்ச் சேர் என்று அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். என் வாழ்க்கையே அந்த நாலு தட்டில்தான் இருந்தது.

எல்.இ.டி. சுடாது என்று கடைக்காரர் சொன்னதை நம்பித்தான் வாங்கினேன். முன்பக்கம் சுடாது. பின்பக்கத்து அலுமினியத் தகட்டில் கை வைக்க முடியாது. சூடெல்லாம் அங்கேதான் வருகிறது. கூடாரத்தை மூடி ஒரு மணி நேரம் எரியவிட்டால் உள்ளே சூடு நாற்பது டிகிரியைத் தொடும். முப்பது தாண்டினாலே லெட்யூஸ் ஒல்லியாக நெட்டுக்கு வளர்ந்து கசந்துவிடும். முதலில் விளக்குக்குக் கரண்ட் மாற்றிக் கொடுக்கிற இரும்புப் பெட்டிகளைக் கூடாரத்துக்கு வெளியே எடுத்து வைத்தேன். பிறகு பலகைகளை ஒரு முழம் மேலே ஏற்றினேன். உச்சி ஓட்டையில் காற்றை இழுக்கிற ஃபேனை மாட்டினேன். அது சூட்டை அறைக்குள் கக்கியது, அறை அதைத் திருப்பிக் கூடாரத்துக்கே கொடுத்தது. கடைசியில் மடிப்பு மடிப்பான தகரத்தாள் குழாயை ஃபேனிலிருந்து தெருப் பக்கத்து ஜன்னலுக்கு நேராக இழுத்து வெளியே விட்டேன். அடியில் இருந்த வலை ஓட்டைகளைத் திறந்துவிட்டேன். பகலில் மொட்டைமாடி அனல் இறங்குவதால் விளக்கைச் சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டு, காலையில் வெயில் ஏறியதும் அணைகிற மாதிரி டைமர் வைத்தேன். இருபத்தேழுக்கு இறங்கியது. அன்றைக்கு நான் ஆடாத குறைதான்.

சின்னம்மா எல்லாவற்றையும் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய் முனையில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு ஜன்னலை எட்டிப் பார்த்தாள். அந்த விளக்கு ஊதா நிறம். இருட்டியதும் வலை ஓட்டைகளிலும் குழாயிலும் வழிந்து ஜன்னல் முழுக்க ஊதாவாக இருந்தது. எதிர்வீட்டுச் சுவரிலும் விழுந்தது.

"பாப்பா, இது தெருவுக்குத் தெரியுதுடி."

"தெரியட்டுமே. திருடிக்கினா வந்தோம்?"

"ஜன்னல சாத்திடேன்."

"சாத்துனா வெந்துடும் சின்னம்மா. பகல்ல போட்டாலும் வெந்துடும். ராத்திரிதான் போடணும், தொறந்துதான் வெக்கணும்."

"ஒரு போர்வையாவது தொங்க வுட்டுக்கலாமில்ல?"

"காத்து எப்பிடிப் போவும்? உனுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

மூன்று நாள் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் இதையேதான் சொன்னேன். அதில் கடைசி வாக்கியத்தை ஒவ்வொரு தடவையும் சத்தமாகச் சொன்னேன்.

நாலாம் நாள் துணி காயப்போட மாடிக்கு வந்த வீட்டுக்கார அம்மா நின்றுவிட்டார். "இன்னாம்மா ஊதா கலர்ல லைட்டு எரிஞ்சிக்கினே இருக்குது? தெருவுல எல்லாரும் எங்கள வந்து கேக்கறாங்க."

"கீரை வளக்கறேங்க. உள்ள வந்து பாருங்களேன்" என்றேன் உற்சாகமாக.

அவர் வரவில்லை. சின்னம்மாவைப் பார்த்தார். "கேக்கணும்னே இருந்தேன். நீங்க பூர்வீகம் எந்த ஊரு?"

"வளவனூர் பக்கங்கம்மா."

"வளவனூர் பக்கம்னா? அங்க ஊருக்குள்ளயா?"

சின்னம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "லைட்ட நிறுத்திடச் சொல்றேங்கம்மா, உங்களுக்கு ஏன் பேஜாரு" என்றாள். அவள் குரல் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மா மேல் வரவேண்டிய கோபம் அத்தனையும் சின்னம்மா மேல் வந்தது. அவர் கீழே இறங்கியதும், "ஏன் இப்பிடிக் கூனிக் குறுகற? வாடகை குடுத்துக்கினுதானே இருக்கிற?" என்று கத்தினேன். "மெல்லப் பேசுடி" என்றாள்.

அந்த வாரம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். பெங்களூர் போகவேண்டியிருந்தது. சனிக்கிழமை அறுப்பு, வெள்ளிக்கிழமை காலையில் திரும்பிவிடுவேன். கீரை அவ்வளவு அழகாக நின்றது, ஓரமெல்லாம் சுருள் சுருளாக. போகும்போது சின்னம்மாவிடம் கறாராகச் சொன்னேன். "லைட்ட மட்டும் அணைச்சிடாத. இப்ப வெளிச்சம் கொறஞ்சா கீரை தேறாது, எல்லாம் பூடும். தண்ணி மட்டும் பாத்துக்க." தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் படியேறும்போதே அவிந்த கீரை வாடை அடித்தது. கூடாரத்து ஜிப்பை இழுத்தேன். முகத்தில் ஆவி அடித்தது. நாலு தட்டிலும் கீரை வெந்து, பச்சையும் பழுப்புமாகக் கூழாகிப் படுத்துக் கிடந்தது. சூடு காட்டுகிற மீட்டரில் நாற்பத்து மூன்று இருந்தது. வலை ஓட்டைகள் ஒவ்வொன்றிலும் சின்னம்மாவின் பழைய புடவையைக் கிழித்து உருண்டையாக அடைத்திருந்தாள். குழாயின் வாயை அவளுடைய பாவாடைத் துணியால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. அதற்கு மேல் கம்பளி. கூடாரத்துக்குள் ஒரு வாளித் தண்ணீர், நனைத்த சாக்கு ஒன்று, ஈரத்துண்டு இரண்டு. அவையும் சேர்ந்துதான் உள்ளே இட்லிப் பானை மாதிரி ஆவி கட்டியிருந்தது. விளக்கை அவள் அணைக்கவில்லை. நான் சொன்ன சொல்லைத் தட்டவில்லை.

சின்னம்மா சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாகத் தூங்காத கண்.

என்ன பேசினேன் என்று எல்லாம் எழுத முடியாது. என் வாழ்க்கையைக் கெடுத்தாய் என்றேன். படிக்காத முண்டம் என்றேன், என்னைப் படிக்கவைத்தவளை. கடைசியில், "சூட்டப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்? இன்னா தெரியும்னு கை வெச்ச?" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த ஸ்டாருக்கு ஊதுவத்தியால ஓட்ட போட்டது யாருன்னு நெனக்கிற?"

எனக்குப் புரியவில்லை.

"செவுத்துல புள்ளி புள்ளியா வெளிச்சம் வுழுந்துச்சே, தொட்டுத் தொட்டு வெளையாடுவியே. அது அழகுக்குன்னு நெனச்சியா? பல்பு சூட்டுல காயிதம் பத்திக்கக் கூடாதுன்னு நான்தான்டி ஓட்ட போட்டேன். சூடு மேலதான் ஏறும், மேல பக்கம் நெறய போடணும்னு உங்க சித்தப்பாவுக்கே நான்தான் சொன்னேன்."

"அப்ப தெரிஞ்சேதான் அடைச்சியா?"

"தெரிஞ்சேதான் அடைச்சேன். நிறுத்துனா செடி பூடும்னு நீ சொன்ன. தொறந்து வெச்சா நாம பூடுவோம். தண்ணி வெச்சாவது தாங்குமான்னு பாத்தேன். தாங்கல."

நான் சமையல்காரருக்குப் போன் செய்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பரவாயில்லம்மா, பெங்களூர் ஆளுகிட்ட சொல்லிக்கறேன்" என்று வைத்துவிட்டார். அதற்கு மேல் அவரிடம் பேசவே இல்லை.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கு எரிந்தது. நான் கம்பளியைப் பிடுங்கி எறிந்தேன். ஜன்னலை அகலத் திறந்தேன். கூடாரத்துக் கதவை முழுக்கச் சுருட்டி மேலே கட்டினேன். தெருவே ஊதாவாகிவிட்டது. சின்னம்மா "வேணான்டி, வேணான்டி" என்று என் கையைப் பிடித்தாள். உதறினேன். வீட்டுக்கார அம்மா பாதிப் படி ஏறி வந்து, என்ன கூத்து இது என்று கேட்டார். "அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்களே, ஊருக்குள்ளயான்னு. இல்லீங்க. காலனி" என்றேன். என் சத்தம் எதிர்வீட்டுக்கும் கேட்டிருக்கும். கேட்கவேண்டும் என்றுதான் கத்தினேன். அவர் அப்படியே திரும்பினார். இறங்கிப் போய்விட்டார். நான் ஜெயித்துவிட்ட மாதிரி நின்றேன். சின்னம்மா பீரோவைத் திறந்து சேசு படத்தைப் பிய்க்க ஆரம்பித்தாள். ஓரம் கிழியாமல், நகத்தால் மெதுவாக.

மூன்றாம் நாள் வீட்டுக்கார அம்மா வந்தார். மகளுக்கு மாடி வேண்டுமாம், மாதக் கடைசிக்குள் காலி செய்யவேண்டுமாம். அந்த மகளை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. சின்னம்மா அப்போதே பாத்திரங்களைப் பாதி கட்டி முடித்திருந்தாள். அவள் சொன்னதுதான் நடந்தது, ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. நான் படித்தவள், மீட்டர் வைத்து அளந்தவள், என் கணக்குத்தான் தப்பிப்போனது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நடக்கப்போவதை அவள் அப்படிச் சரியாகக் கணிக்கும்படி பழக்கிய அத்தனை பேரையும் மன்னிக்க முடியவில்லை. அவர்கள் கைக்கு எட்டவில்லை, அவள் எட்டினாள். அதனால் வெகுநாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.

மறுவருஷம் விழுப்புரத்தில் எங்கள் இருவருக்கும் வேறு வீடு, வேறு கூடாரம். இந்தத் தடவை குழாயை நேராக விடவில்லை. இரண்டு இடத்தில் முட்டி மடக்கிய மாதிரி வளைத்து, உள்பக்கம் கறுப்புப் பூசி, பிறகுதான் ஜன்னலுக்கு விட்டேன். அடி ஓட்டைகளுக்கும் கறுப்புத் தகட்டில் அதேபோல் வளைவு. காற்று வளைந்து போகும், வெளிச்சம் வளையாது. ஒரு பொழுதில் செய்கிற வேலை. திண்டிவனத்திலேயே செய்திருக்கலாம். அவள் மூன்று தடவை கேட்டபோது ஒரு தடவை காது கொடுத்திருந்தால் தோன்றியிருக்கும். ஜன்னலை மறைக்கச் சொல்லி இந்த வீட்டில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன். ஏன் செய்தேன் என்று அப்போது யோசிக்கவும் இல்லை.

இப்போது என் கூடாரங்களைப் பார்க்கக் கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். சூட்டை வெளியேற்ற இவ்வளவு எளிதான ஏற்பாட்டை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கிறார்கள். ஏதோ சொல்லி மழுப்பிவிடுகிறேன்.

அந்தப் புதுக் கூடாரத்தில் முதன்முதலாக விளக்குப் போட்ட சாயங்காலம் சின்னம்மா படியிறங்கித் தெருவுக்குப் போனாள். எதிர்ப்பக்கம் நின்று ஜன்னலை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். ஜன்னல் இருட்டாக இருந்தது. மேலே வந்து குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"சூடு மட்டும்தான் வருது. வெளிச்சம் துளிகூட வரல" என்றாள். "இப்பதான் பாப்பா நீ சரியாச் செஞ்சிருக்கிற."

என் வேலையை அவள் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அந்தக் குழாயைப் பிய்த்தெறிய என் கை துடித்தது. எறியவில்லை. உள்ளே நாற்று இருந்தது.